சாமி வந்த வீட்டுக்காரி

அக்டோபர் 21, திங்கள்

தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இத்தனை மாதமாக அரிசி டப்பாவின் மேல் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும்போது பேசினால் அன்று சாயங்காலத்துக்குள் நாமக்கல் முழுக்கத் தெரிந்துவிடும். டைரி யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது.

இன்று என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெயர் சென்னியப்பன், லாரி பட்டறையில் பெயிண்டர். வயிற்றுவலி என்றுதான் போனோம். டாக்டர் வயிற்றை அமுக்கினார், கண்ணை இழுத்துப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். கை ஆடியது. தினமும் குடிப்பீர்களா என்று கேட்டதற்கு இவர், "கொஞ்சமாங்க" என்றார். கொஞ்சமாம்! பல் விளக்குவதற்கு முன்னால் ஆரம்பிக்கிற மனுஷன்.

டாக்டர் எங்களைக் கவுன்சலரிடம் அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நான் திட்டித் திட்டி என் தொண்டைதான் வற்றியது, படித்தவர்கள் திட்டினால் உறைக்கும் என்று நினைத்தேன். உள்ளே போனால் நஸ்ரின் என்று ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். இவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு முதல் கேள்வியாகவே இதைக் கேட்டாள்.

"குடிக்கறதுல உங்களுக்கு என்னண்ணா பிடிச்சிருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைக் கேட்கவா அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது? இவரோ, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கை நிக்குமுங்க. காலைல கொஞ்சம் உள்ள போனாத்தான் பிரஷ்ஷு கோணாம போகும். லாரி பாடில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்புல கோடு போடோணும். கை ஆடுனா அம்புட்டும் போச்சுங்க."

"வேலை சுத்தமா இருக்கணும்னு நினைக்கறீங்க" என்றாள் அவள். அவ்வளவுதான். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் தலையாட்டினார். அப்புறம் நிறுத்திப் பார்த்தது உண்டா, அப்போது உடம்புக்கு ஏதாவது செய்ததா என்று கேட்டாள். நான் விடுவேனா?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம். வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுவாரு. மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தொடமாட்டாரு. போன வருஷம் சாமியே இவரு மேல வந்துச்சு."

அவள் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தாள். இவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது என்னிடம், "அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா? அடுத்த தடவை வர்ற வரைக்கும் அண்ணனுக்குப் புத்தி சொல்லாம இருந்து பாப்பீங்களா? சொல்லணும்னு வர்றப்ப அதுக்குப் பதிலா ஒரு கேள்வி கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. அப்புறம், மாலை போடறதா இருந்தா முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அவள் துலுக்க வீட்டுப் பெண், மாலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

வசந்தாமணியக்கா மருமகளுக்கு வளைகாப்பு. என்னைத்தான் முதலில் வளையல் போடக் கூப்பிட்டார்கள். "சாமி வந்த ஊட்டுக்காரி, நீ மொதல்ல போடு மலரு" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அவர் ராக்கியண்ணன் குருசாமியின் மனைவி. இந்தத் தெருவில் அவர் வாயிலிருந்து வந்தால் அது சட்டம்.

போன கார்த்திகைக்கு முன்னால் நான் விசேஷ வீடுகளில் அடுப்படியோடு சரி. வெங்காயம் உரிக்க நான் வேண்டும், குங்குமம் எடுக்க வேண்டாம். குடிகாரன் பெண்டாட்டி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை.

எல்லாம் ஒரு சாயங்காலத்தில் மாறியது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். மறுநாள் குருசாமி வீட்டில் பஜனை. காலையிலிருந்தே இவருக்கு வியர்வை, நடுக்கம், ஒரு வாய் சோறு இறங்கவில்லை. சாமி சோதிக்கிறார் என்றார் குருசாமி. பஜனை உச்சத்துக்குப் போனபோது இவர் கண் ஒரு பக்கமாகச் செருகியது. உடம்பு விறைத்து மல்லாக்க விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை, பல் கிட்டி நாக்கில் ரத்தம். கூட்டம் சரணம் போட்டது பாருங்கள், கூரையே அதிர்ந்தது. கற்பூரம் காட்டினார்கள். பெண்கள் இவர் காலைத் தொட்டார்கள், அப்புறம் என் காலையும் தொட்டார்கள். வேட்டி நனைந்து கிடந்தது, யாரோ தீர்த்தம் ஊற்றியிருப்பார்கள். அடித்துப் போட்டதுபோலத் தூங்கி எழுந்தவருக்குக் கொஞ்ச நேரம் என்னைக்கூட அடையாளம் தெரியவில்லை. சாமி வந்துபோன அசதி.

"ஐயப்பன் என்னங்க சொன்னாரு?" என்று ஆசையாகக் கேட்டேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 28, திங்கள்

இன்று கேள்வி கேட்டுப் பார்த்தேன். சாயங்காலம் இவர் தள்ளாடிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "குடிக்கறதுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்றேன்.

"ஏம்புள்ள, ஸ்டேஷன்ல லத்தியோட கேக்கற மாதிரி கேக்கற?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார். பண்ணையிலிருந்து விரிசல் விட்ட முட்டை கொண்டுவந்திருந்தேன், பொரித்துக் கொடுத்தேன். எவ்வளவு நாளாயிற்று இவர் பல் தெரியச் சிரித்து. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தலையாட்டினேன். அதை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்கு நன்றாக வந்தது. மற்றதை எழுதப்போவதில்லை.

நவம்பர் 7, வியாழன்

இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி. புத்தி சொல்லாமல் இருந்தீர்களா என்று நஸ்ரின் கேட்டாள். தீபாவளி அன்று தவறிவிட்டது என்றேன். "மத்த நாள்லாம் இருந்திருக்கீங்க! எப்படிக்கா முடிஞ்சுது?" என்றாள். பாராட்டினால் யாருக்குத்தான் கசக்கும். இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள்.

இவரிடம் ஒரு கணக்குக் கேட்டாள். நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை என்று. இரண்டோ மூன்றோ சொல்லுவார் என்று நினைத்தேன். "எட்டுங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த எட்டு எனக்குத் தெரியாது.

"சரிண்ணா. நிறுத்த முடியுங்கற நம்பிக்கைக்கு எத்தனை போடுவீங்க?"

"ஒண்ணு."

ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்கத்தானே வேண்டும்? அவள் ஏறுக்குமாறாகக் கேட்டாள். "ஏண்ணா ஒண்ணு போட்டீங்க? முட்டை போட்டிருக்கலாமே?"

எனக்கு வாய் நமநமவென்றது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"எந்நேரம் போனாலும் எனக்குச் சோத்தப் போட்டுத் தட்டால மூடி வெச்சிருக்குறாளுங்க. திட்டிக்கிட்டேதான் வெக்கறா. ஆனா வெக்கறா. அதான் அந்த ஒண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் சாயங்காலம் போன் செய்தபோது ஏன் குரல் கம்மியிருக்கிறது என்று கேட்டாள். சளி என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

குருசாமி வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை கார்த்திகை பிறக்கிறது, இந்த வருஷம் பஜனையில் இவர்தான் முன்னால் உட்கார வேண்டுமாம். சாமி இறங்கிய உடம்பாம். இவர், "இந்த வருஷம் மாலை வேண்டாமுங்க" என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

அவர் போனதும் வாய்ச்சண்டை. புத்தி சொல்லாதே, கேள்வி கேள் என்றால் நானும் மனுஷிதானே? "மாலையும் இல்லேனா நீங்க எப்பத்தாங்க நிறுத்துவீங்க? என்ற உசுர எடுத்துட்டா?" என்று கத்தினேன். டாக்டர் ஈரல் வீங்கியிருக்கிறது என்று சீட்டில் எழுதியிருக்கிறார். வருஷத்தில் அந்த ஒரு மண்டலம்தான் இவர் உடம்பு தேறும். அதுவும் இல்லையென்றால் அடுத்த கார்த்திகைக்கு இவர் இருப்பாரா என்ற பயம் எனக்கு.

பயம் என்று இவரிடம் சொல்லவில்லை. எட்டு போட்டவர் ஏன் மாலை வேண்டாம் என்கிறார், எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 14, வியாழன்

துளசி மாலையும் கறுப்பு வேட்டியும் நானே வாங்கி வந்துவிட்டேன். இவர் முன்னால் வைத்து, பேசாமல் அழுதேன். அழவேண்டும் என்று திட்டம் போடவில்லை, வந்துவிட்டது. இவர் மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சரி புள்ள. போட்டுக்கறேன். நீ அழுவாத."

சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. வீடெல்லாம் கழுவிவிட்டேன். முட்டைச் சட்டியை எடுத்து மேலே போட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரி முறை. மாலைதான் முடிவாகிவிட்டதே, அங்கே எதற்கு என்றேன். "இல்ல, அந்தப் பொண்ணப் பாத்துட்டு வந்துருவோம்" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இவர் வாயாலேயே சொல்கிறார்! ஐயப்பன் மகிமை ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 15, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் துணியெடுத்து வந்தபோது டைரியையும் போட்டுக்கொண்டு வந்தேன்.

காலையில் பஸ்ஸில் போகும்போதே சட்டை நனைந்துவிட்டது. டிக்கெட்டைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான் சந்தோஷமாக, "போன வருஷம் மாதிரியே இருக்குதுங்க" என்றேன். ஆண்டவனே, நான் அப்படித்தான் சொன்னேன்.

நஸ்ரின் இவர் கையைப் பார்த்துவிட்டு, "மாலை போட முடிவு பண்ணிட்டீங்க போல" என்றாள்.

"வீட்ல வாங்கிட்டு வந்துட்டாங்க."

"வீட்ல வாங்கிட்டாங்க" என்று இவர் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். வாயைத் திறக்காதே என்பதுபோல என்னை ஒரு பார்வை. மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்றது.

"நிறுத்தோணும்னுதாங்க இருக்குது," என்றார் இவர். "நிறுத்தறதுக்குத்தான் பயமா இருக்குது."

"குடிக்கறதுல பயம் இல்ல. நிறுத்தறதுலதான் பயம்."

"ஆமாங்க. போன வருஷம் எம்மேல வந்தது சாமி இல்லீங்க."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று எழுந்தேவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிடித்த கையை விடவில்லை.

"பங்குனில ஒருக்கா நானா நிறுத்திப் பாத்தேனுங்க. மாலையும் இல்ல ஒண்ணும் இல்ல. இவளுக்குத் தெரியாது. நிறுத்திட்டு அப்பறமா சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டாம் நாளு பட்டறைல கண்ணு செருகி உழுந்துட்டேன். கையில சாவிக்கொத்தக் குடுத்துப் புடிச்சுக்கிட்டாங்களாம். வலிப்புன்னாங்க. முழிச்சுப் பாத்தா போன தடவை கடிச்ச எடத்துலயே நாக்கக் கடிச்சிருக்கறேன். அப்பத்தாங்க எனக்கு வெளங்குச்சு. அன்னைக்கே மறுபடியும் குடிச்சுட்டேன். குடிச்சா வரமாட்டேங்குது. நிறுத்துனா வருது. நான் என்ன பண்றதுங்க?"

பேசும்போது இவர் பல் கிடுகிடுவென்று அடித்தது. நஸ்ரின், "இவ்வளவு பயத்தோட தனியா ஒரு தடவை நிறுத்திப் பாத்திருக்கீங்க" என்றாள். திட்டவில்லை, உச்சுக் கொட்டவில்லை. "உடம்பைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. சொல்லலாமாண்ணா?" என்று கேட்டாள். இவர் தலையாட்டியதும் சொன்னாள். தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு, சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாமாம், உயிருக்கே கூட ஆபத்தாகலாமாம். வார்டில் சேர்ந்து, மாத்திரையும் சத்து ஊசியும் போட்டு, டாக்டர் பார்வையில் நிறுத்தினால் பயமில்லாமல் விட்டுவிடலாமாம். "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?"

"இன்னைக்கே சேத்துக்குவீங்களா?" என்றார் இவர்.

உடனே சேர்த்துவிட்டார்கள். டாக்டர் என்னிடம், இன்னும் ஒரு நாள் வீட்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். என் கையால் மாலை வாங்கி என் கையாலேயே இவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

கார்த்திகை ஒன்று. விடியும்போது ரோட்டில் சரணம் போட்டுக்கொண்டு போனார்கள். இவருக்குக் கையில் குளுக்கோஸ் இறங்குகிறது. வலிப்பு வரவில்லை. ஐயப்பா, அன்றைக்கு வந்தது நீ இல்லை என்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இன்றைக்கு இங்கேதான் எங்காவது நிற்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். கைநடுக்கம் பாதி குறைந்திருக்கிறது. நான் நான்கு நாளாக மென்று முழுங்கிய கேள்வியைக் கேட்டுவிட்டேன். இந்த முறை இடுப்பில் கை வைக்கவில்லை.

"பங்குனிலயே தெரிஞ்சிருக்குது. ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

பதில் வரும்வரை காத்திருந்தேன். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, முட்டை அட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்பது தேவலை.

"நீ அன்னைக்கு எப்படி இருந்த தெரியுமா மலரு. உன்ற மூஞ்சி அப்படி நான் பாத்ததே இல்ல. எல்லாரும் உன்னத் தொட்டுக் கும்புட்டாங்க. எந்த வீட்டு விசேஷம்னாலும் உன்ன முன்னால கூப்புட்டாங்க. நீ பட்டுச்சீலையக் கட்டிக்கிட்டுப் போவ. நான் குடிச்சுக் குடிச்சு உனக்கு எதையும் குடுத்ததில்ல. அந்த ஒண்ணு தானா வந்துச்சு. அதையும் எப்படி புள்ள புடுங்கறது?"

இவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார், பார்க்கட்டும். எனக்கு ஒரு மரியாதை இருக்கட்டும் என்று இந்த மனுஷன் தன் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார். இவரை நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை மூன்று வேளை. வியாழக்கிழமைதோறும் நஸ்ரினைப் பார்க்க வேண்டும். வழியில் பிராந்திக் கடை வந்தபோது இவர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி தக்காளி விலை பேசினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

சாயங்காலம் வசந்தாமணியக்கா வெற்றிலைத் தட்டோடு வந்தார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் ஐயப்பனுக்குக் கன்னிபூஜை. நான்தான் விளக்கேற்ற வேண்டுமாம். இவர் உள்ளே படுத்திருந்தார்.

"மாலை போடாம உட்டுட்டாரேன்னு குருசாமிக்கு மனத்தாங்கல்தான். ஆனா நீ சாமி வந்த ஊட்டுக்காரி. நீ ஏத்துனாத்தான் வெளக்கு நல்லா எரியும்" என்று குங்குமத்தை நீட்டினார்.

எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இவரும் அதைத்தான் விரும்புகிறார். ஆனால் அந்தப் பஜனையில் உட்காரும் ஆண்களில் பாதிப் பேர் மாலைக்காக மட்டும் குடியை நிறுத்துகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் யாராவது நாளைக்கு விறைத்து விழுந்தால் இதே கூட்டம் கற்பூரம் காட்டும்.

"அக்கா, அது சாமி இல்லீங்க. வலிப்பு. குடியச் சட்டுனு நிறுத்துனதால வந்துச்சாம். டாக்டரே சொல்லிட்டாரு. குருசாமிகிட்டச் சொல்லுங்க, இனி யாருக்காச்சும் அப்படி ஆச்சுன்னா சரணம் போட்டுக்கிட்டு நிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடச் சொல்லுங்க."

அக்கா முகம் சுண்டிவிட்டது. "ஆத்தாடி, இந்த வாய்ல என்ன பேச்சுப் பேசற மலரு" என்றார். நீட்டிய குங்குமத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி, நீ எதுக்கும் வெள்ளிக்கிழமை வந்து சாப்புட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். விளக்கைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

அடுப்படிக்குப் போய்க் குக்கரை வைத்தேன். இவர் வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குப் புள்ள சொன்ன? இனிமே உன்ன யாரும் முன்னால கூப்புட மாட்டாங்க."

"கூப்புடாட்டிப் போறாங்க. நீங்க இருந்தாப் போதும் எனக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. இவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மலரு, எனக்கு இப்பக் குடிக்கோணும்போல இருக்குது. ரொம்ப."

குடித்த பிறகு நாற்றத்தில் கண்டுபிடித்துத்தான் எனக்குப் பழக்கம். குடிப்பதற்கு முன்னால் இவர் என்னிடம் வந்து சொல்வது இதுதான் முதல் தடவை. ஈரல், வலிப்பு, மகள், ஊர்ப்பேச்சு என்று சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

இவர் சொல்ல ஆரம்பித்தார். நெஞ்சுக்குள் எங்கே பிடித்து இழுக்கிறது, எந்த நேரத்தில் ஆரம்பிக்கிறது, கடையைத் தாண்டும்போது கால் எப்படிக் கனக்கிறது என்றெல்லாம் சொன்னார். அவருடைய அப்பா செத்த அன்றைக்கு முதல் முதலாகக் குடித்ததைச் சொன்னார், அது எனக்குத் தெரியவே தெரியாது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. சாதம் குழைந்து களியாகிவிட்டது. ரசம் ஊற்றி ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.